பல்லாங்குழிக்கு எந்த ஏஆர் வழி? ஒரு சிறு குழுவின் தேர்வும் அதன் காரணங்களும்

பல்லாங்குழியைக் கைபேசியில் ஆக்மென்டட் ரியாலிட்டி (சுருக்கமாக ஏஆர்: கேமரா காட்டும் மெய்யுலகக் காட்சியில் கற்பனைப் பொருளை நிறுத்திக் காட்டும் முறை) விளையாட்டாகச் செய்வது என்று நாங்கள் மூவர் முடிவு செய்தபோது, எதைக் கொண்டு செய்வது என்ற விவாதமே முதல் சில வாரங்களை எடுத்துக்கொண்டது. ஒருவர் நிரல் எழுதுகிறவர். ஒருவர் முப்பரிமாண உருவங்கள் செய்கிறவர். விதிகளையும் ஆட்டத்தின் நடையையும் வகுப்பது என் பொறுப்பு. அவகாசம் ஆறு மாதம். முதலீடு என்று சொல்லத்தக்க பணம் இல்லை. யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்க மென்பொருள், உலாவி, ஏஆர் செயலி எழுத ஆப்பிள் தரும் ஏஆர்கிட்டையும் கூகுள் தரும் ஏஆர்கோரையும் நேரடியாகக் கையாள்வது, ஸ்னாப்சாட் செயலிக்குள் ஓடும் லென்ஸ் என நான்கு வழிகள் எங்கள் முன் இருந்தன. ஒவ்வொன்றின் திறன்களையும் அட்டவணையிட்டுப் பார்த்தோம். எல்லா அட்டவணைகளும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்ததால் முடிவு மட்டும் கிடைக்கவில்லை. திரையில் தோன்றும் பலகை மெய்யுலகில் எதைப் பற்றிக்கொண்டு நிற்கப் போகிறது, ஆடப் போகிறவர் கையில் எந்தக் கைபேசி இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளை முன்னால் வைத்த பிறகுதான் வழிகளுக்கு இடையிலான வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. இதே போன்ற தேர்வின் முன் நிற்கும் சிறு குழுக்களுக்கு உதவக்கூடும் என்பதால், அந்தக் கேள்விகளின் வழியாகவே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

பலகை எதைப் பற்றி நிற்கிறது?

1997இல் ரொனால்ட் அசூமா எழுதிய ஆய்வுக் கட்டுரை ஏஆருக்கு மூன்று இலக்கணங்களைச் சொல்கிறது. மெய்யும் கற்பனையும் ஒன்றாகக் கலந்திருக்க வேண்டும். பயனர் செய்வதற்கு அந்தக் கணமே மறுவினை கிடைக்க வேண்டும். கற்பனைப் பொருள் முப்பரிமாண வெளியில் தனக்குரிய இடத்தில் பொருந்தி நிற்க வேண்டும். முதல் இரண்டையும் இன்றைய கைபேசி பெரிய சிரமமின்றி எட்டிவிடுகிறது. உழைப்பும் செலவும் ஏமாற்றமும் மூன்றாவதில்தான் இருக்கின்றன. குழிக்குள் விழுந்த புளியங்கொட்டை ஆடுபவர் தலையைச் சாய்த்துப் பார்க்கும்போது அரை அங்குலம் நகர்ந்துவிட்டால், எத்தனை அழகாக வரைந்திருந்தாலும் அந்தப் பலகை அங்கே இருப்பதாக மனம் ஏற்றுக்கொள்வதில்லை.

பலகை நிற்பதற்கு மூன்று இடங்கள் உண்டு: தரை அல்லது மேசை போன்ற ஒரு சமதளம், அச்சிட்ட ஒரு படம், ஊரில் உள்ள ஒரு குறிப்பிட்ட இடம். மூன்றாவதை நாங்கள் உடனே ஒதுக்கினோம். தெருவையும் கட்டடத்தையும் அடையாளம் கண்டு பொருளை நிறுத்தும் கூகுளின் ஜியோஸ்பேஷியல் வசதி 2022இல் வந்தது. அது கூகுள் தெருத்தெருவாக எடுத்து வைக்கும் ஸ்ட்ரீட் வியூ படங்களை நம்பி நிற்பது. இந்தியாவில் ஸ்ட்ரீட் வியூ அதே ஆண்டு ஜூலையில் சென்னை உள்ளிட்ட பத்து நகரங்களில் மீண்டும் தொடங்கியது. ஊரைச் சுற்றி நடந்து ஆடும் விளையாட்டுக்கு அது பொருந்தும். திண்ணையில் எதிரெதிரே உட்கார்ந்து ஆடும் விளையாட்டுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இடம்சார்ந்த விளையாட்டைக் கனவு காண்பவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2016இல் வெளிவந்த போக்கிமான் கோ இன்றும் நிலைத்திருக்கிறது. ஆனால் 2019இல் வந்த மைன்கிராஃப்ட் எர்த் 2021 ஜூனிலும், அதே 2019இல் போக்கிமான் கோவைச் செய்த நயான்டிக் நிறுவனமே கொண்டுவந்த ஹாரி பாட்டர் விளையாட்டு 2022 ஜனவரியிலும் மூடப்பட்டன. பெரும் பெயரும் பெரும் முதலீடும் இருந்தும் நடந்தது இது.

எஞ்சியவை தரையும் அச்சிட்ட படமும். பெரும்பாலான ஏஆர் விளையாட்டுகள் தரையைத்தான் தேர்ந்தெடுக்கின்றன. எங்கள் முதல் விருப்பமும் அதுவே. ஏஆர்கிட் 2017 ஜூனிலும் ஏஆர்கோர் அதே ஆண்டு ஆகஸ்டிலும் அறிவிக்கப்பட்டன. இரண்டும் அடிப்படையில் ஒரே வேலையைச் செய்கின்றன. கேமரா காட்டும் படத்தில் மூலை, கறை, விளிம்பு போன்ற தனித்துத் தெரியும் புள்ளிகளைப் பிடித்து, அவை ஒரு காட்சியிலிருந்து அடுத்த காட்சிக்கு எவ்வளவு நகர்ந்தன என்று அளந்து, கைபேசியில் திருப்பத்தை உணரும் ஜைரோஸ்கோப்பும் வேக மாற்றத்தை உணரும் முடுக்கமானியும் சொல்லும் அசைவோடு அதைச் சேர்த்துக் கைபேசி வெளியில் எங்கே இருக்கிறது என்று கணிக்கின்றன. அப்படிப் பிடித்த புள்ளிகளில் பல ஒரே மட்டத்தில் இருந்தால் அங்கே ஒரு சமதளம் இருப்பதாக எடுத்துக்கொள்கின்றன.

இந்த முறை நம் வீட்டுத் தரைகளோடு நன்றாக ஒத்துப்போவதில்லை. பளபளக்கும் வெள்ளை டைல்ஸில் பிடித்துக்கொள்ள ஒரு புள்ளியும் இருப்பதில்லை. மெழுகித் துடைத்த சிவப்பு சிமென்ட் தரையிலோ குழல்விளக்கின் பிரதிபலிப்பு புள்ளியாகத் தெரிகிறது. ஆள் நகர நகர அந்தப் பிரதிபலிப்பும் நகர்வதால், தரையே நகர்கிறது என்று கணிப்பு குழம்புகிறது. நாங்கள் சோதித்த வீடுகளில் மிக விரைவாகவும் உறுதியாகவும் தளம் பிடிபட்ட இடம் வண்ணக்கோடுகள் ஓடிய ஒரு பழைய கோரைப்பாய்தான். அதை விரித்த இடத்தில் மட்டும் ஆடுங்கள் என்று விளையாட்டின் விதியிலேயே எழுதலாம் என்ற யோசனைகூட எங்களுக்குள் எழுந்தது. அந்த யோசனைதான் எங்களை அடுத்த வழிக்குக் கொண்டுபோனது. ஆடுபவர் எப்படியும் ஏதோ ஒன்றை விரிக்கத்தான் வேண்டுமென்றால், அந்த ஒன்றை நாமே வரைந்து கொடுத்துவிடலாமே என்று தோன்றியது.

அச்சிட்ட படத்தை அடையாளமாகக் கொள்வது இத்துறையின் பழைய முறை. 1999இல் ஹிரோகாசு காட்டோ உருவாக்கிய ஏஆர்டூல்கிட் கறுப்புச் சதுரச் சட்டத்துக்குள் வரைந்த குறியைத் தேடியது. இன்றைய மென்பொருள்களுக்குச் சதுரச் சட்டம் தேவையில்லை. நுணுக்கமான விவரங்கள் நிறைந்த எந்தப் படமும் போதும். ஆனால் படம் எப்படிப்பட்டது என்பதில் கவனம் வேண்டும். ஏஆர்கோரின் படக் கருவி ஒவ்வொரு படத்துக்கும் 100க்கு ஒரு மதிப்பெண் தருகிறது. 75க்கு மேல் பெற்றால் நல்லது என்கிறது. அச்சுப் படம் குறைந்தது 15 சென்டிமீட்டர் நீளமும் அகலமும் கொண்டதாகவும் வளையாமலும் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. திரும்பத் திரும்ப வரும் ஒரே வடிவம் அதற்கு ஆகாது. சிக்குக் கோலத்தை அடையாளப் படமாக வைத்தால் அழகாக இருக்கும் என்று நினைப்பவர்கள் இதனால்தான் ஏமாறுவார்கள். கோலத்தின் அழகே அதன் சமச்சீரிலும் மறுபடி வருதலிலும் இருக்கிறது. எந்த வளைவு எந்தப் பக்கத்தது என்று பிரித்தறிய முடியாமல் கணிப்பு தடுமாறுவதும் அதே காரணத்தால்தான்.

பல்லாங்குழிப் பலகைக்கும் அதே குறை உண்டு. பக்கத்துக்கு 7 குழிகளாக 14 குழிகளை வரைந்தால், அதை 180 பாகை திருப்பினாலும் படம் மாறாது. எந்தப் பக்கம் யாருடையது என்று கைபேசிக்குத் தெரியாது. இதற்கான தீர்வு மரபிலேயே இருந்தது. மீன் வடிவில் செதுக்கிய பல்லாங்குழிப் பலகைகள் உண்டு. தலை ஒரு முனையிலும் வால் மறுமுனையிலும் இருப்பதால் அவற்றில் திசைக் குழப்பத்துக்கு இடமே இல்லை. அந்த மீனையே ஏ3 தாளில் வரைந்தோம். 42 சென்டிமீட்டர் நீளத்தில் தலைக்கும் வாலுக்கும் பத்து சென்டிமீட்டர் போக, ஒவ்வொரு குழிக்கும் நாலரை சென்டிமீட்டர் கிடைக்கிறது. செதில்களை ஒரே அச்சாக அடுக்காமல் ஒவ்வொன்றையும் வேறுபடுத்தி வரைந்தது கணிப்புக்காகச் செய்தது. பார்வைக்கும் அது நன்றாகவே அமைந்தது. தாளை லேமினேட் செய்யக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நெடுநாள் உழைக்கட்டும் என்று எவருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் பளபளப்பான மேற்பரப்பில் விளக்கொளி பட்டுத் தெறித்தால் படத்தின் பாதி மறைந்துவிடும். மங்கிய, தடித்த தாளே சரி.

இரண்டு ஆடுநர்கள், ஒரே பலகை

எதிரெதிரே அமர்ந்த இருவர் தத்தம் கைபேசியில் ஒரே பலகையை ஒரே இடத்தில் காண வேண்டும் என்பது இந்த விளையாட்டின் உயிர். தரையைப் பற்றி நிற்கும் வழியில் இது கடினமான வேலை. ஒருவருடைய கைபேசி கண்ட புள்ளிகளின் வரைபடத்தை மற்றவருடைய கைபேசி பெற்றுத் தன் வரைபடத்தோடு பொருத்த வேண்டும். ஏஆர்கிட் 2018இல் இதற்கு வழி செய்தது. ஆனால் அது ஆப்பிள் கருவிகளுக்குள் மட்டும் இயங்குவது. ஆண்ட்ராய்டும் ஐபோனும் சேர்ந்து ஆட வேண்டுமென்றால் அதே ஆண்டு கூகுள் கொண்டுவந்த கிளவுட் ஆங்கர் வசதி தேவை. அதில் அறையைப் பற்றிய காட்சித் தரவு கூகுளின் சேவையகத்துக்குச் சென்று திரும்புகிறது. இணையம் மந்தமான இடத்தில் அது காத்திருப்பைக் கூட்டும். அதைவிட முக்கியமாக, குழந்தைகள் ஆடும் அறையின் காட்சித் தரவை வெளியே அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தோம்.

அச்சிட்ட தாள் இந்தச் சிக்கல் முழுவதையும் கரைத்துவிடுகிறது. இரு கைபேசிகளும் ஒரே தாளைப் பார்க்கின்றன. தாளின் நடுப்புள்ளியே இரண்டுக்கும் பொதுவான தொடக்கப் புள்ளி. கைபேசிகளுக்கு இடையே அனுப்ப வேண்டியது ஆட்டத்தின் நிலை மட்டுமே. பல்லாங்குழியில் அந்த நிலை 14 குழிகளின் எண்ணிக்கையும், இருவர் சேர்த்த காய்களின் எண்ணிக்கையும், யாருடைய முறை என்பதும்தான். அதாவது 17 எண்கள். படமோ ஒலியோ எதுவும் பயணிப்பதில்லை. இரண்டாம் தலைமுறை இணைப்பில்கூட இது தடையின்றிப் போய்ச் சேரும்.

ஆட்டத்தின் நீளமும் இதே பக்கம்தான் சாய்கிறது. குழிக்கு 5 காய் வைத்தால் 70, 6 வைத்தால் 84 காய்கள் புழங்கும் ஆட்டம் இது, சீக்கிரம் முடிவதில்லை. கைபேசியை ஒரு கையில் நீட்டிப் பிடித்தபடி மறுகையால் திரையைத் தொட்டுக்கொண்டு இருபது நிமிடம் உட்கார யாராலும் முடியாது. கேமராவும் கணிப்பும் வரைதலும் ஒன்றாக ஓடுவதால் கைபேசியும் சூடாகி வேகம் குறைகிறது. ஆகவே எதிராளியின் முறை வரும்போது கைபேசியை மடியில் தாழ்த்திக்கொள்ளலாம் என்று வடிவமைத்தோம். மறுபடி உயர்த்தும்போது தாள் கண்ணில் பட்டதும் பலகை உடனே தன் இடத்தில் தோன்றிவிடுகிறது. தரையைப் பற்றிய வழியில் கேமரா மடித்துணியை நோக்கியபடி ஒரு நிமிடம் இருந்தால் தடம் தவறிவிடும். திரும்பக் கண்டுபிடிக்க அறையை மீண்டும் சுற்றிக் காட்ட வேண்டியிருக்கும்.

இனி நான்கு வழிகள்

ஏஆர்கிட்டையும் ஏஆர்கோரையும் நேரடியாகக் கையாளும் வழி தரத்தில் மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. புதிய வசதிகள் முதலில் அங்கேதான் வருகின்றன. 2019இல் ஏஆர்கிட் 3 கொண்டுவந்த மனித உருவ மறைப்பு வசதியால், பலகைக்கு மேலே நீட்டிய கை பலகையை உண்மையாகவே மறைக்கும். ஏ12 சில்லும் அதற்குப் பிந்தியவையும் உள்ள கருவிகளில்தான் அது கிடைக்கும். 2020 முதல் ஐபேட் புரோவிலும் ஐபோன் 12 புரோவிலும் வந்த, ஒளியை வீசித் தொலைவை அளக்கும் லைடார் உணரி, புள்ளிகளே இல்லாத வெள்ளைத் தரையையும் நொடியில் அளந்துவிடுகிறது. மேலே நான் குறைப்பட்டுக்கொண்ட தரைச் சிக்கல் அந்தக் கருவிகளில் பெருமளவு இல்லை. ஆனால் ஒரே விளையாட்டை ஐபோனுக்காக ஸ்விஃப்ட் மொழியில் ஒரு முறையும் ஆண்ட்ராய்டுக்காகக் கோட்லின் மொழியில் ஒரு முறையும் எழுத வேண்டும். நிரலாளர் ஒருவரே உள்ள குழுவுக்கு அது இரட்டைச் சுமை. ஆண்ட்ராய்டு பக்கத்தில் இன்னொரு தடையும் உண்டு. முப்பரிமாணக் காட்சியை எளிதாக வரைய 2018இல் கூகுள் தந்த சீன்ஃபார்ம் நூலகத்தை இரண்டே ஆண்டுகளில் அதுவே கைவிட்டது. இப்போது தன்னார்வலர்கள் அதன் வழித்தோன்றலைப் பேணி வருகிறார்கள். ஐபோன் வைத்திருப்போருக்கு மட்டுமான ஒரு செயலி, அதுவும் ஒரு அருங்காட்சியகமோ நகைக்கடையோ தன் கருவிகளில் தானே காட்டுவதற்கான செயலி என்றால், நான் தயங்காமல் இந்த வழியைச் சொல்வேன்.

யூனிட்டியின் ஏஆர் ஃபவுண்டேஷன் இந்த இரட்டைச் சுமையை நீக்க வந்தது. சி ஷார்ப் நிரல்மொழியில் ஒரு முறை எழுதினால், அது ஐபோனில் ஏஆர்கிட்டையும் ஆண்ட்ராய்டில் ஏஆர்கோரையும் அழைத்துக்கொள்கிறது. அசைவூட்டம், இயற்பியல், ஒலி, விளையாட்டுத் தருக்கம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. சிக்கல் வந்தால் விடை சொல்ல உலகெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால், இந்தப் பட்டியலில் விளையாட்டு செய்வதற்கென்றே பிறந்த கருவி இது ஒன்றுதான். தரையில் பரந்து, அறை முழுவதும் நடந்து ஆடும் விளையாட்டாக எங்கள் எண்ணம் இருந்திருந்தால் இந்த ஒப்பீட்டை எழுதவே தேவை இருந்திருக்காது.

எங்களைத் தயங்க வைத்தவை வேறு காரணங்கள். முதலாவது, ஆடுபவரின் கைபேசி. ஏஆர்கோர் எல்லா ஆண்ட்ராய்டு கருவிகளிலும் ஓடாது. கூகுள் சோதித்துச் சான்றளித்த கருவிகளில் மட்டுமே ஓடும். விலை குறைந்த கைபேசிகள் பலவற்றில் ஜைரோஸ்கோப்பே இருப்பதில்லை. செயலியை ஏஆர் கட்டாயம் என்று அறிவித்தால், தகுதியற்ற கைபேசிகளுக்கு பிளே ஸ்டோர் அதைக் காட்டவே காட்டாது. பல்லாங்குழியை நன்கு ஆடத் தெரிந்த தலைமுறையின் கையில் இருப்பது பெரும்பாலும் பிள்ளைகள் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய கைபேசிதான். பாட்டியும் பேத்தியும் சேர்ந்து ஆடட்டும் என்று செய்கிற விளையாட்டு பாட்டியின் கைபேசியில் கண்ணுக்கே தெரியாமல் போவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இரண்டாவது காரணம் தமிழ் எழுத்து. இதைப் பற்றி ஏஆர் ஒப்பீடுகள் எவையும் பேசுவதில்லை. தமிழில் செயலி செய்கிறவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் இது. யூனிட்டியில் எழுத்தைக் காட்டப் பரவலாகப் பயன்படும் டெக்ஸ்ட்மெஷ் புரோ, இந்திய எழுத்துகளுக்குத் தேவையான வடிவ ஒழுங்கைச் செய்வதில்லை. யூனிகோடில் மெய்யெழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் திரையில் மெய்யெழுத்துக்கு முன்னால் வர வேண்டும். ஒகர, ஓகாரக் குறிகள் இரண்டாகப் பிரிந்து இருபுறமும் நிற்க வேண்டும். அந்த ஒழுங்கு இல்லாமல் போனால் ‘வெற்றி’ என்ற சொல்லில் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பழைய குறியாக்க எழுத்துருவுக்கு மாற்றிக் காட்டலாம். சொற்களைப் படமாகவே வரைந்து வைக்கலாம். இரண்டையும் பலர் செய்கிறார்கள். ஆனால் ஆடுபவர் தன் பெயரைத் தமிழில் தட்டச்சு செய்யும் இடம் வந்ததும் இந்த ஏற்பாடுகள் திணறுகின்றன. யூனிட்டியின் அண்மைப் பதிப்புகள் இதைச் சரிசெய்யும் புதிய எழுத்து முறையைக் கொண்டுவரத் தொடங்கியுள்ளன. பழைய பதிப்பில் வேலையைத் தொடங்கியவர்களுக்கு அது உடனடி நிவாரணம் ஆகாது. உலாவியில் இந்தச் சிக்கல் இல்லை. யூனிட்டியைப் போன்ற விளையாட்டு உருவாக்க மென்பொருளான, 2023இல் வந்த கோடோ 4இலும் இல்லை. கட்டற்ற மென்பொருளான அது ஏஆரில் இன்னும் முதிர்ந்தால் இந்த ஒப்பீட்டில் அதற்குத் தனி இடம் தருவேன்.

மூன்றாவது, செயலிக் கடைகளின் வாசலில் கட்ட வேண்டிய கட்டணமும் காத்திருப்பும். ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர், கூகுளுக்கு ஒரு முறை 25 டாலர். ஐபோன் செயலியை உருவாக்க மேக் கணினி வேறு வேண்டும். பிளே ஸ்டோரில் புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குகிறவர், 12 பேரைக் கொண்டு 14 நாள் தொடர்ந்து சோதித்த பிறகே செயலியைப் பொதுவெளியில் விட முடியும். இவை தாண்டக்கூடியவைதான். ஆனால் ஒவ்வொரு சிறு திருத்தத்தையும் பத்து வீடுகளில் காட்டிக் கருத்துக் கேட்டு மாற்ற நினைக்கும் குழுவுக்கு, இணைப்பைத் திறந்தால் புதிய பதிப்பு வந்துவிடும் வசதி இவற்றைவிட மிகப் பெரியது.

அந்த வசதி உலாவி வழியில் இருக்கிறது. தாளின் மூலையில் ஒரு கியூஆர் குறி. அதைக் காட்டினால் விளையாட்டு திறந்துவிடும். நிறுவ எதுவும் இல்லை. ஆனால் உலாவி ஏஆர் என்றதும் பலரும் நினைக்கும், உலாவிகளுக்கான பொது ஏஆர் இடைமுகமான வெப்எக்ஸ்ஆர் எங்களுக்கு உதவவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டு குரோமில் அதன் ஏஆர் பகுதி 2020 முதல் இருக்கிறது. அடியில் இயங்குவது ஏஆர்கோர்தான் என்பதால் கைபேசித் தகுதிச் சிக்கல் அப்படியே தொடர்கிறது. ஐபோனின் சஃபாரியில் அந்த ஏஆர் பகுதி இல்லை. அங்கே 2018 முதல் உள்ள ஏஆர் குவிக் லுக், யூஎஸ்டிஇசட் என்ற முப்பரிமாணக் கோப்பில் உள்ள பொருளைத் தரையில் வைத்துக் காட்டும். நாற்காலி வாங்குவதற்கு அது போதும், விளையாட்டுக்குப் போதாது. தனி நிறுவனங்கள் தம் சொந்தக் கணிப்பு முறையை உலாவிக்குள் எழுதி இந்த இடைவெளியை நிரப்பியதுண்டு. அவை பெரும்பாலும் கட்டணச் சேவைகள்.

தாளை நம்பும் வழிக்கு வெப்எக்ஸ்ஆர் தேவையே இல்லை என்பதுதான் எங்களுக்கு வழி திறந்த இடம். மைண்ட்ஏஆர் என்ற கட்டற்ற நூலகம், உலாவி தரும் கேமராப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அச்சிட்ட படத்தைத் தேடுகிறது. ஜைரோஸ்கோப்பும் வேண்டாம், ஏஆர்கோர் சான்றிதழும் வேண்டாம். பக்கம் பாதுகாப்பான இணைப்பில் இருக்க வேண்டும், கேமராவுக்கு ஆடுபவர் அனுமதி தர வேண்டும். வேறு நிபந்தனை இல்லை. வரைதலைத் திரீ.ஜேஎஸ் என்ற முப்பரிமாண வரைதல் நூலகம் பார்த்துக்கொள்கிறது. தட்டையான தாளுக்குள் குழி தோண்டியதுபோலக் காட்ட, நிறம் எதுவும் தீட்டாமல் ஆழத்தை மட்டும் பதியும் ஒரு மறைப்புப் பரப்பைத் தாளின் மட்டத்தில் விரித்து, குழி வாய்களை மட்டும் திறந்துவிட்டோம். தலையைச் சாய்த்தால் குழியின் உட்சுவர் தெரிகிறது. அடியில் கிடக்கும் காய்கள் விளிம்பால் மறைகின்றன. முதல் முறை பார்த்தவர்கள் அனைவரும் தாளைத் தொட்டுப் பார்த்தார்கள்.

இதன் குறைகளை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. தாள் காட்சியிலிருந்து விலகினால் பலகை மறைந்துவிடும். மங்கிய வெளிச்சத்தில் பலகை நடுங்கும். நடுக்கத்தைக் குறைக்கும் வடிகட்டியை இறுக்கினால், கை அசைவுக்குப் பலகை சற்றுப் பிந்தி வரும். இரண்டுக்கும் இடையே ஒவ்வொரு கைபேசிக்கும் ஒரு சமநிலையைத் தேட வேண்டியிருந்தது. பழைய கைபேசிகளில் படத் தேடலே கணிப்புத் திறனில் பெரும்பகுதியைத் தின்றுவிடுவதால், 70 காய்களையும் தனித்தனியே வரையாமல் ஒரே உருவத்தின் பிரதிகளாக ஒரே ஆணையில் வரைய வேண்டியிருந்தது. யூனிட்டியில் இவற்றில் பாதிக்குமேல் எங்கள் தலைமேல் விழுந்திருக்காது.

லென்ஸ் வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2017 டிசம்பரில் வந்த லென்ஸ் ஸ்டூடியோவில் ஒரு முகமூடியையோ திருவிழா அலங்காரத்தையோ ஒரே நாளில் செய்து பரப்பலாம்; திரைப்பட விளம்பரத்துக்கு அதைவிட மலிவான வழி இல்லை. விதிகளும் முறைமாற்றமும் கொண்ட நீண்ட ஆட்டத்துக்கு அது உரிய இடம் அல்ல. அதோடு, ஒருவருடைய மேடைக்குள் மட்டுமே உயிர்வாழும் படைப்புக்கு நேரக்கூடியதை அண்மையில் கண்டோம். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் விளைவுகளைச் செய்யப் பயன்பட்ட மெட்டா ஸ்பார்க்கை 2025 ஜனவரி 14 அன்று மெட்டா மூடியது. மெட்டாவுக்கு வெளியே உலகெங்கும் உள்ள படைப்பாளிகள் செய்துவைத்திருந்த விளைவுகள் அதோடு மறைந்தன.

கருவிகளின் ஆயுள் எல்லா வழிகளுக்கும் பொதுவான கவலை. ஏஆர்கோருக்கு முன்னோடியான கூகுளின் டேங்கோ 2018 மார்ச்சில் முடிந்தது. பல ஆண்டுகள் பலரும் நம்பியிருந்த விக்கிட்யூட் என்ற ஏஆர் மென்பொருள் 2024 செப்டம்பரில் நின்றுபோனது. யூனிட்டி 2023 செப்டம்பரில் ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்புக்குப் பிறகு ஓராண்டு கழித்துத் திரும்பப் பெற்றது. ஆறு மாத உழைப்பை ஒரு நிறுவனத்தின் அடுத்த அறிவிப்புக்கு அடகு வைக்காதிருக்க, ஆட்ட விதிகளை எந்த ஏஆர் நூலகத்தையும் அறியாத தனி நிரலாக எழுதினோம். முப்பரிமாண உருவங்களை எங்கும் திறக்கும் ஜிஎல்டிஎஃப் என்ற கோப்பு வடிவில் வைத்தோம். மைண்ட்ஏஆரை நாளை மாற்ற நேர்ந்தால் மாறப்போவது தாளைத் தேடும் பகுதி மட்டுமே. விதி நிரலைத் தனியாக்கியதில் இன்னொரு பயனும் கிடைத்தது. நான்கு காய் சேர்ந்த குழியைப் பசு என்று எடுப்பதா, தொடக்கத்தில் 5 காயா 6 காயா என்பன போன்றவை ஊருக்கு ஊர் மாறுகின்றன. ஆடுபவர் தன் ஊர் வழக்கைத் தானே அமைத்துக்கொள்ளலாம்.

கேமராவே இல்லாமல், மேலிருந்து பார்க்கும் சாதாரணப் பலகையாகவும் ஆட முடிய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். போக்கிமான் கோவிலேயே ஏஆரை அணைத்துவிட்டு ஆடும் வசதி உண்டு. பேருந்தில் போகிறவருக்கும், கை நடுங்குகிறவருக்கும், வெளிச்சம் போதாத அறையில் இருப்பவருக்கும் ஆட்டம் மறுக்கப்படக் கூடாது. உலாவி வழியில் இது ஒரே பக்கத்தின் இரண்டு முகங்களாக எளிதில் அமைந்தது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்து, மீன் தாளும் உலாவியும் என்று முடிவு செய்தோம். இந்த முடிவை மாற்றக்கூடியது ஒன்று இருக்கிறது. திரையைத் தொடாமல், தாளின்மேல் கையையே நீட்டிக் கற்பனைக் காய்களை அள்ளிப் போடும்படி செய்ய வேண்டும் என்பது எங்கள் அடுத்த ஆசை. அதற்குக் கைபேசியைத் தாங்கியில் நிறுத்த வேண்டும். விரல்களைத் தொடர்ந்து கணிக்க வேண்டும். கை பலகையை மறைக்கும் இடத்தைச் சரியாக வெட்டிக் காட்ட வேண்டும். அந்தக் கையே தாளின் பாதியை மூடும்போதும் தாளைத் தவறவிடாதிருக்க வேண்டும். உலாவியில் இவை நான்கும் ஒன்றாகப் பழைய கைபேசியில் ஓடுவதை இன்னும் எங்களால் சாதிக்க முடியவில்லை. அது கைகூடும்வரை, காய் விழும்போது புளியங்கொட்டை மரத்தில் மோதும் ஒலியும், ஒவ்வொரு காய்க்கும் கைபேசியில் ஒரு சிறு அதிர்வும் தருகிறோம். அதிர்வை உலாவிக்குத் திறந்துவிடாத ஐபோனில் ஒலி மட்டும். அந்த ஒலியை உண்மையான பலகையில் ஒவ்வொரு குழியாகக் காய் போட்டுப் பதிவு செய்தோம். காலியான குழியில் விழுவதும் நிறைந்த குழியில் விழுவதும் வெவ்வேறு ஒலிகள். எண்ணிப் பார்க்காமலே எந்தக் குழியில் எவ்வளவு இருக்கிறது என்று காது சொல்லிவிடும்.